ஏழு எழுத்து, கடைசியில் T

காலை ஆறு மணிக்கு அப்பாவின் போனில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். கனடாவிலிருந்து தம்பி அனுப்பியிருப்பான். வணக்கம் கிடையாது, சாப்பிட்டீர்களா கிடையாது. ஓர் எண், ஓர் எழுத்து. ‘7 T’. ஏழு எழுத்தில், T-யில் முடிகிற ஆங்கில வார்த்தை ஐந்தை அப்பா அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டுத்தான் காப்பி. பதினோரு வருஷமாக அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது இப்படித்தான். இதெல்லாம் ஒரு பேச்சா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டில் அதைவிட நீளமாக யாரும் யாரிடமும் பேசியதில்லை.

கடைசி ஒன்பது மாதம் அந்தப் பதிலை எழுதியது அப்பா இல்லை, நான். தம்பிக்குத் தெரியாது. அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நல்லதாக எதுவும் ஆகவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் கரையோடு நடந்து, மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கி, தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதி, மேலே இருக்கிற சாருக்குச் சொல்கிற வேலை. பூதலூர் ரயில் ஸ்டேஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். எட்டாவது வரைதான் படித்தவர். இங்கிலீஷை மதகுகளில் இருந்த போர்டுகளில் கற்றுக்கொண்டார். பழைய தகர எழுத்துகளை ஆணி அடித்துப் பதித்திருப்பார்கள். துருப்பிடித்து ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். ஆணித் துளைகளைப் பார்த்தால் மொத்தம் எத்தனை எழுத்து என்று தெரியும். எப்படியோ கடைசி எழுத்து மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும். அதை வைத்து முழு வார்த்தையையும் கண்டுபிடிப்பது அவருடைய விளையாட்டு. ஏழு எழுத்து, கடைசியில் T என்றால் ‘கல்வர்ட்’. ஆறு எழுத்து, கடைசியில் E என்றால் ‘ஸ்லூஸ்’. கண்டுபிடித்ததை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, சார் ஜீப்பில் வரும்போது சரியா என்று கேட்பார். சார் சரி என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் பக்கோடா.

முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில் அப்பா பகல் முழுக்க மதகைவிட்டு அசைய மாட்டார். அசைந்தால் யாராவது வந்து ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். நானும் தம்பியும் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போவோம். எனக்குப் பதிமூன்று, அவனுக்குப் பத்து. அவனை மதகுச் சுவரில் ஏற்றி உட்காரவைத்து அப்பா கேட்பார்.

“ஏழெழுத்து. கடைசி டி. டாக் டி இல்ல, டைகர் டி. சொல்லு தம்பி.”

நான் கீழே நின்று சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். எனக்கு வாயெல்லாம் வார்த்தை. பிஸ்கட், பேஷண்ட், ஏர்போர்ட். சொன்னால், “நீ கெட, அவன் சொல்லட்டும்” என்பார் அப்பா. அதட்டலாக அல்ல, சாதாரணமாகத்தான். ஒருநாள் தம்பி நாலு சொல்லிவிட்டு ஐந்தாவதுக்குத் திணறினான். சுவர் ஓரமாகப் போய் அவன் காலைச் சுரண்டி, ‘டிரவுட்’ என்று முணுமுணுத்தேன். வறட்சி. அவன் கத்திச் சொன்னான். அப்பா அவனை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினார். “அது நான் சொன்னதுப்பா” என்றேன். “யாரு சொன்னா என்ன பாப்பா, வார்த்தை வந்துச்சுல்ல” என்று சிரித்தார். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அல்பம்தான். ஆனால் எரிகிறதே, என்ன செய்ய?

பிறகு நடந்ததெல்லாம் நடந்தது. தம்பி இன்ஜினீயர் ஆனான், கனடா போனான். எனக்குப் பேராவூரணிப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. அது சரிப்படவில்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தேன். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். நான் பக்கத்து ஊர் நர்சரி பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏ பி சி டி சொல்லிக்கொடுக்கிறேன். அதில் யாருக்கும் பெருமை கிடையாது, எனக்கும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் ‘7 T’ வந்தது. அப்பா ஐந்து வார்த்தை அனுப்பினார். ஐந்தும் ‘ஹார்வெஸ்ட்’. ஒரே வார்த்தையை ஐந்து தடவை. தம்பி சிரிக்கிற பொம்மை போட்டு, ‘அறுவடை பலமாப்பா?’ என்று எழுதினான். நானும் சிரித்தேன். மறுநாள் ஆறு மணிக்கு உட்கார்ந்தவர் எட்டு மணி வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போனை என் பக்கம் நீட்டினார்.

“பாப்பா, நீ சொல்லு.”

முப்பத்தொரு வருஷம் கழித்து. நின்றுகொண்டே ஐந்தையும் அடித்து அனுப்பினேன். பஸ்ஸில் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த மாதம் தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “மறதி நோய். மாத்திரை தரேன், ஆனா நிக்காது, கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். எப்ப யாரை மறப்பார்னு சொல்ல முடியாதும்மா. அவரைப் பாக்க வேண்டியவங்க யாராவது வெளியூர்ல இருந்தா இப்பவே வரச் சொல்லுங்க. ஆள் தெரியறப்பவே வந்து பாத்துடட்டும்.” இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது. எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரியில் கிடந்தால் ‘லேசா காய்ச்சல்’. ஆபரேஷன் என்றால், அது முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ‘அது ஒண்ணுமில்ல, முடிஞ்சிருச்சு’. எங்கள் தெருவிலேயே ஒருவர், தன் அப்பா ‘கொஞ்சம் சீரியஸ்’ என்று கேட்டு துபாயிலிருந்து ஓடி வந்தார். தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பாவம், அவன் அங்கே தனியாக இருக்கிறான், பதறிப் போவான், வேலை கெடும் என்று சொல்வோம். அன்பினால்தான் செய்கிறோம். நாசமாய்ப் போகிற அன்பு.

தம்பிக்கு அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பேப்பர் வருகிற நேரம். இடையில் கிளம்பினால் தள்ளிப்போகும் என்றான். சித்தப்பா வந்து, “அவன்கிட்ட மூச்சு விடாதே ஆயி, இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார். தெளிவாக இருந்த ஒரு காலையில் அப்பாவே என் கையைப் பிடித்து, “அவன்கிட்ட சொல்லிடாதே பாப்பா. பேப்பர் வரட்டும்” என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு பேர் சொன்னதைக் கேட்டு நடக்கிற நல்ல பெண் ஆகிவிட்டேன்.

தினமும் ஆறு மணிக்கு நான்தான் அப்பா. ‘6 E’ என்று வந்தால் டெம்பிள், பாட்டில், சிம்பிள், ஆரஞ்ச், கூடவே அப்பாவின் ஸ்லூஸ். ‘5 Y’ என்று வந்தால் ரெய்னி, டர்ட்டி, பார்ட்டி, எம்ப்டி, சாரி. முந்தின நாளே யோசித்து வைப்பேன். கீரை ஆயும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாளாவது எண்ணிக்கை தப்பும், ஆறெழுத்து வார்த்தையை ஏழென்று அனுப்பிவிடுவார். அதனால் நானும் வாரம் ஒரு தப்பை வேண்டுமென்றே வைத்தேன். அவ்வளவு கவனமாகச் செய்தேன் அந்தத் திருட்டை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். அதில் அப்பா எப்போதுமே பேச மாட்டார், முன்பும் அப்படித்தான். சட்டை மாட்டிவிட்டு உட்காரவைப்பேன். “சாப்ட்டீங்களாப்பா?” “ஆங், ஆச்சு.” “உடம்பு?” “சௌக்கியம், சௌக்கியம்.” சிரிப்பார். நோய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது, சிரிப்பை மட்டும் விட்டுவைத்தது. தம்பிக்கு அந்தச் சிரிப்பும் காலையில் ஐந்து வார்த்தையும் போதுமானதாக இருந்தது.

தை பிறந்த வாரம் என் நம்பருக்கே கூப்பிட்டான்.

“அக்கா, உண்மையச் சொல்லு. அப்பா எப்படி இருக்கார்? ஏதாவதுன்னா பேப்பராவது மண்ணாவது, கிளம்பி வந்துடறேன்.”

“வயசாச்சுல்ல தம்பி. கொஞ்சம் மறதி இருக்கு” என்று ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

“மறதியா?” என்று சிரித்தான். “போக்கா! நேத்து ‘டாரண்ட்’னு அனுப்பினாரு. எனக்கே தோணாது அந்த வார்த்தை. வயசாக வயசாக ஷார்ப்பாயிட்டு வர்றாருக்கா மனுஷன்.”

டாரண்ட். பாய்ந்து வருகிற வெள்ளம். என் வார்த்தை அது. அவன் மெச்சியது என்னை. அந்த ஒரு நொடி எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது பாருங்கள், அதற்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம். “ஆமாமா, நல்லாத்தான் இருக்கார்” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ‘7 T’-க்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தான். ‘அப்பா, இப்ப வரட்டுமா, பேப்பர் வந்ததும் ஆடியில வரட்டுமா? நீங்களே சொல்லுங்க.’ அப்பா பக்கத்தில்தான் இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பட்டன் வரை மாட்டியிருந்தார். “புள்ள வண்டி எத்தனை மணிக்கு பாப்பா?” என்று கேட்டார். மார்கழியிலிருந்தே தினமும் அதே கேள்விதான். அவருக்குத் தெரிந்திருக்கிறது, பிள்ளை வந்தாக வேண்டும் என்று. நான் போனை வாங்கி, ‘வேலையைப் பார். ஆடிக்கு வா’ என்று அடித்தேன். அடித்த பிறகும் அனுப்பாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அவன் வந்தால் இந்த ஆறு மணி போய்விடும் என்றும் தோன்றியது. தோன்றியதைத் தோன்றவில்லை என்று சொல்ல முடியுமா? அனுப்பினேன்.

அதன் பிறகு அப்பா காத்திருந்தார். காலை பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கேட் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். “பூதலூருக்கு வண்டி வந்திருக்கும்” என்பார். “இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்” என்பார். மத்தியானம் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கோபம் கிடையாது, அழுகை கிடையாது. மறுநாள் திரும்பவும் சட்டை. மாசி முழுக்க, பங்குனி முழுக்க, சித்திரை வெயிலிலும். நான் உள்ளே உட்கார்ந்து அவர் பெயரில் அவர் பிள்ளைக்கு வார்த்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்ளும். இத்தனை மாதமாக நான்தான் எழுதினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது ஒரு நாள் கூடிக்கொண்டே போயிற்று.

வைகாசியில் ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், சட்டை ஆணியிலேயே கிடக்கிறது. “இன்னைக்கு உக்காரலையாப்பா?” என்று கேட்டேன். “எதுக்கு?” என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வண்டி, பூதலூர், புள்ள. மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அன்றைக்கே போன் போட்டிருக்க வேண்டும். போட்டேனா? இல்லை. இனிப் போட்டு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். அதையாவது பயம் என்று நேராகச் சொல்கிறேன்.

ஆடியில் வந்தான். பேப்பர் கையில் வந்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு. காரைவிட்டு இறங்கி வாசலுக்கு வரும்போதே, “எங்க நம்ம டைகர்?” என்று கத்திக்கொண்டு வந்தான். நான் காரிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் திருச்சி ஏர்போர்ட் வரை போயிருந்தேன். அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டான். நானும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்பா சட்டென்று எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஜீப் வந்து நின்றால் அவர் நிற்கிற நிற்பு அது. முப்பது வருஷம் நான் பார்த்த நிற்பு.

“வாங்க சார். மூணடி நிக்குது சார். ஷட்டர்ல ஒருத்தனையும் கை வைக்க விடல.”

தம்பி சிரித்தான். அப்பா கிண்டல் செய்கிறார் என்று நினைத்துவிட்டான். “அப்பா, நான்ப்பா” என்று கையைப் பிடித்தான். அப்பா பதறிக் கையை இழுத்துக்கொண்டார். “கையெல்லாம் சேறு சார்” என்றார். கையில் சேறு எதுவும் இல்லை. என் பக்கம் திரும்பி, “பாப்பா, சாருக்கு மோர் கொண்டா” என்றார். என்னை அப்போது தெரிந்திருந்தது.

தம்பி என்னைப் பார்த்தான். திரும்ப அவரைப் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னான்.

“ஏழெழுத்து. கடைசி டி. டைகர் டி. சொல்லுங்கப்பா.”

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். நெற்றி சுருங்கியது. “எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார். விசாரிச்சுச் சொல்றேன்” என்றார்.

அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் நின்று போனை எடுத்து நீட்டினான். “நேத்து காலைல அஞ்சு அனுப்பினாரே அக்கா. இதோ பாரு. முந்தாநாளும் அனுப்பியிருக்கார்.”

“நான்தான் தம்பி.”

“எதுலேர்ந்து?”

போனை வாங்கி மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆனி, சித்திரை, மாசி, தை, மார்கழி. எவ்வளவு தள்ளியும் வந்துகொண்டே இருந்தது. ஐந்து ‘ஹார்வெஸ்ட்’ வந்ததும் நிறுத்தி, “இதுதான் கடைசியா அவர் எழுதினது. இதுக்கு அப்புறம் எல்லாம் நான்” என்றேன்.

அவன் திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ‘ஆடிக்கு வா’ என்ற வரியைத் தேடி எடுத்து, அதில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

“இத எழுதறப்ப அவருக்கு என்னைத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“என்னைக் கேட்டாரா?”

“தினம் கேட்டார். சட்டை போட்டுக்கிட்டு வாசல் கேட்டுல உக்காந்திருப்பார்.”

அப்போதுதான் அழுதான். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். டாக்டர் சொன்னது, சித்தப்பா சொன்னது, அப்பாவே சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவன் காதில் விழுந்த மாதிரி இல்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா ஆடினேக்கா” என்றான்.

பதினைந்து நாள் இருந்தான். தினமும் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தான். தினமும் அப்பா எழுந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் கடைசி நாலு நாள் அவன் எதிரில் போவதையே விட்டுவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். புறப்படும்போது என்னிடம் மாத்திரை பற்றிக் கேட்டான், நேரத்துக்குக் கொடு என்றான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான். அப்பாவின் சாப்பாடு, தூக்கம், மாத்திரை. மூன்று நிமிஷம்.

காலையில் ‘டிங்’ சத்தம் இல்லை. அப்பாவின் போனுக்கு நான் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள். போன வாரம் ஒரு காலையில் பொறுக்க முடியாமல் என் போனிலிருந்து, என் பெயரில், அவனுக்கு ‘7 T’ என்று அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டான். காப்பி போட்டுக் குடித்தேன், பாத்திரம் கழுவினேன், பள்ளிக்குப் போய்விட்டு வந்தேன். பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு வேகத்தில் வாயில் வந்துவிட்டது.

“ஏழெழுத்து. கடைசி டி. டைகர் டி.”

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ வழிப்போக்கர் வீட்டுக்கு வந்து உதவி செய்வதைப் போல, கூச்சத்தோடு சிரித்தார்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கம்மா. நீங்க சொல்லுங்க.”

எனக்கு ஐந்தும் தெரியும். ஐம்பது கூடத் தெரியும். தட்டில் மிச்சமிருந்த சோற்றை உருட்டி அவர் வாயில் வைத்தேன்.